டொக்டர் சொன்னதை உன்னிடம் ஒளித்தேன்

எனக்கு முன்னால் பிறந்து, எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பெற்றுக்கொண்ட என் அக்காவே,

நீ போய் ஆறு மாதமாகிறது. சிறுபோக நெல் விதைப்புக்குக் குளத்தைத் திறந்துவிட்டார்கள். அத்தான் உன் பெயரிலிருந்த வயல் துண்டையும் சேர்த்து விதைத்திருக்கிறார். தண்ணீரூற்று ஊரில் வாழ்க்கைப்பட்ட உன் மூத்தவள் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் நான் உனக்குச் செய்ததை, வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும் என்று, வெளியாகவே எழுத வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே நாளில்தான் கிளிநொச்சிக் குடியேற்றக் கொலனிக்கு வந்தோம். உன் காணிக்கும் என் காணிக்கும் நடுவே தென்னோலை பின்னிய ஒரு கிடுகுவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் உனக்கு ஆறு பிள்ளைகள். இந்தப் பக்கம் எனக்கு ஒன்றுமில்லை. முப்பத்துமூன்று வயதில் கட்டி என்று சொல்லி என் சூலகம் இரண்டையும் வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை என்பது முடிந்துபோன கதையாகிவிட்டது.

மாதம்தோறும் சுகமில்லாத நாள் வருமுன் நீ சட்டி பானையை உருட்டுவாய். பிள்ளைகளுக்கு அடிப்பாய். பிறகு அவர்களையே கட்டிப்பிடித்து அழுவாய். எல்லோரும் உன்னை விட்டு விலகி நடப்பார்கள். நான் மட்டும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். உன் பிள்ளைகளுக்கு மட்டுமா நான் ஆசைப்பட்டேன்? அந்தக் கோபத்துக்கும் ஆசைப்பட்டேன், அக்கா. வெட்டுமுன் அது எனக்கும் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததுதானே?

வெட்டிய சில கிழமைகளில் எனக்கு உடம்பு எரியத் தொடங்கியது. கழுத்திலிருந்து தலை வரை நெருப்பு ஏறும், சட்டை நனையும். நித்திரை இல்லை. காரணமில்லாமல் அழுகை. எனக்கு விசர், புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் கதைக்கத் தொடங்கியபோது, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு என்னை பஸ்ஸில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நீதான். நீ வெளியே வாங்குப் பலகையில் இருந்தாய். டொக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டா.

"உங்களுக்கு விசரில்லை, பிள்ளை" என்றா. "சூலகத்தில சுரக்கிற ஒரு சாறு ரத்தத்தோட மூளைக்கும் போறது. நித்திரை, உடம்புச் சூடு, கோபம், சந்தோசம் எல்லாத்திலயும் அதின்ர கை இருக்கு. மூளைக்குக் கீழ கடலை அளவில ஒரு சுரப்பி இருக்கு. சூலகத்துக்குக் கட்டளை அனுப்பிறது அதுதான். சாறு வந்து சேர்ந்தா அது அடங்கியிருக்கும். இப்ப உங்களிட்டச் சூலகமில்லை. பதில் வராதபடியால் அது கூடக் கூடக் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கு."

நான் புறப்படும்போது இன்னொன்றும் சொன்னா: "நாப்பது, அம்பது வயசில எல்லாப் பொம்பிளையளுக்கும் இது வாறதுதான். அவையளுக்கு மெல்ல மெல்ல வரும். உங்களுக்கு ஒரே நாளில வந்திட்டுது."

வெளியே வந்ததும் நீ எழும்பி ஓடிவந்தாய். "என்னடி சொன்னவா?"

"விழுங்கக் குளிசை தந்தவா. வேற ஒண்டுமில்லை."

ஏன் சொல்லவில்லை? என் வெறுமை உனக்கு விளங்கக் கூடாது என்று நினைத்தேன். உன்னிடம் இல்லாத ஒன்று, ஒரு விளக்கமாவது, என்னிடம் இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு நீ ஒரு நாள் வேலியில் சாய்ந்து நின்று, "எனக்கும் உடம்பு எரியுதடி. பிள்ளையளைக் கண்டாலே அழுகை வருது. எனக்கென்ன நடக்குது?" என்று கேட்டாய். உனக்கு நாற்பத்திரண்டு வயது. எனக்கு உடனே விளங்கியது. "எனக்கென்ன தெரியும்?" என்றேன். உள்ளே போய் நின்று சிரித்தேன், அக்கா. இனி நீயும் என்னைப் போலத்தான் என்று சிரித்தேன்.

நாலு மாதம் உன்னை அப்படியே விட்டேன். நீ கோயிலுக்கு நேர்த்தி வைத்தாய், விரதம் பிடித்தாய். கடைசியில், உன்னைப் பேய் பிடித்திருக்கிறது என்று, அத்தான் புளியங்குளத்துப் பக்கமிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார். வெயிலுக்குள் உன்னை இருத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளைகள் பார்த்திருக்க, பூசாரி பிரம்பால் அடித்து, "நீ ஆரெண்டு சொல்லு" என்று கேட்டான். ஆறாவது அடியோ ஏழாவது அடியோ, நீ தலையைத் தூக்கினாய்.

"என்ர தங்கச்சிக்கு வெட்டி எறிஞ்சதுதான் எனக்குள்ள வந்து நிக்குது. அவளைக் கேளுங்கோ."

என்னைக் குற்றம் சொன்னாயா, என்னைக் கூப்பிட்டாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் வேலிப் பக்கம் திரும்பினார்கள். நான் கிடுகைப் பிரித்துக்கொண்டு வந்தேன்.

"அடியாதையுங்கோ. இது பேயில்லை. எனக்கும் இதே எரிவு வெட்டி எடுத்ததால வந்தது. அக்காவுக்கு வயசால வருது. சூலகம் அடங்கினா மூளைக்குப் போற சாறு குறையும். டொக்டர் எனக்கு எப்பவோ சொன்னவா."

அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் என் வயிற்றுக் கதையைச் சொன்னேன். அத்தான் போய்ப் பூசாரியின் கையிலிருந்த பிரம்பை வாங்கினார். நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"எப்ப சொன்னவா?"

"நீ வாங்கில இருந்த அண்டைக்கு."

அறுவடை முடியும்வரை நீ என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருக்க, வந்து என் குசினிப் படியில் இருந்தாய். உன் முதுகில் தழும்பு இருந்தது. நான் அழுதேன். நீ அழவில்லை.

"எனக்கும் உன்னில எரிச்சல்தானடி. மாசம் தள்ளினா எனக்கு நெஞ்சு பதைக்கும், இன்னொண்டோ எண்டு. நாலாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கு உடம்பில தெம்பே இல்லை. உனக்கு அந்தப் பயமில்லையெண்டு எத்தினை நாள் வயிறெரிஞ்சிருப்பன், தெரியுமே?"

என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டாளா! அன்று முழுக்க அதையே நினைத்துச் சந்தோசப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அடுத்த கிழமையே உன்னை டொக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இந்த முறை இரண்டு பேரும் உள்ளே போனோம். உன் எரிவு தணிந்தது, கோபமும் போனது. டைபோயிட், அந்த நெருப்புக் காய்ச்சல், வந்து உன்னைக் கொண்டுபோகும்வரை ஐந்து வருடம் நன்றாகத்தான் இருந்தோம்.

இனிச் செல்வியின் கதை. பிள்ளை பெற்றதிலிருந்து அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகிறாள், பிள்ளையைத் தூக்குகிறாளில்லை என்று சொல்லியனுப்பினார்கள். மாமியார் மந்திரித்து நூல் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தா. நான் போனேன். "பிள்ளை பிறந்த கையோட அந்தச் சாறு கீழ விழுந்திடும், மோனை. மனமும் அதோட விழும். அது உன்ர பிழையில்லை" என்று சொல்லி, அவளை டொக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது பிள்ளைக்குத் தானே பால் கொடுக்கிறாள்.

புறப்படும்போது என்னை இறுக்கிப் பிடித்து, "அம்மா, அம்மா" என்று அழுதாள். உன்னைத்தான் கூப்பிட்டாள். மண்ணுக்குள் கிடக்கிற உன்மேலும் எனக்கு எரிச்சல் வந்தது.

அதனால், இனிப் பொறாமைப்பட மாட்டேன் என்று உனக்கு வாக்குத் தர என்னால் முடியாது. ஆனால் எவ்வளவு எரிந்தாலும், தெரிந்ததை ஒளிக்க மாட்டேன். உன் பெண்பிள்ளைகள் மூன்று பேருக்கும் அந்தந்த வயதில், அவர்கள் கேட்க முன்னமே சொல்லுவேன்.

உன் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இனி அம்மாவாக இருக்கப்போகிற,
உன் தங்கச்சி