ஆடி முடியட்டும் என்றேன்

காலையிலிருந்து வீடு முழுக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் வாசனை. மந்தைவெளி வெல்டிங் பட்டறை மூர்த்தி, பின்பக்கம் நிழலுக்கென்று நீ வரைந்த பெர்கோலாவுக்கு வெட்டிவைத்த இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து கார் நிறுத்தும் இடத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அஞ்சு மாசமாகப் பட்டறையில் கிடந்து துருப்பிடிக்க ஆரம்பித்ததாம், மறுபடி ஒரு கோட் அடித்திருக்கிறார். "நட்டு நிறுத்தணுமா, இல்ல வேற வேலைக்கு எடுத்துக்கினு போவட்டுமா, நீங்களே சொல்லுங்க மேடம். சாயங்காலம் வரேன்" என்றார். உன்னைக் கேட்காமல் நான் என்னடா சொல்வேன்? அக்கா நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன் நீ போய்விட்டாய்.

புயலில் வேப்பமரம் விழுந்த பிறகு பின்பக்கம் அவ்வளவு பெரிய இடமும் மொட்டையாகக் கிடந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இத்தனை இடத்தைச் சும்மா போட்டிருக்கிறீர்களே என்று வருகிறவர்கள் எல்லாம் அங்கலாய்ப்பார்கள். ரத்தப் புற்றுநோய் வந்து, தரமணி வேலையை விட்டுவிட்டு நீ வீட்டோடு படுத்தபோது உன் ஜன்னலில் தெரிந்தது அந்த வெயில் ஒன்றுதான். "இந்த ரூமுக்குள்ள சாக மாட்டேன்க்கா. ஒரு நாளாவது வெளியில படுக்கணும்" என்றாய். வாயைக் கழுவு என்று திட்டினேன். மறுநாளே மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்துவிட்டாய்.

பந்தல்தானே, இதற்கு எதற்கு இத்தனை படம் என்று கேட்டேன். "பந்தல் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடறது. இது பெர்கோலா, கூரை கிடையாது, மேல வரிசையா சட்டம்தான்" என்றாய். கல்யாணமே வேண்டாமென்று இருந்தவன் பேசுகிற பேச்சைப் பார் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டுக் கால்கள். அவை எங்கெங்கே வரும் என்று கோலமாவால் புள்ளி வைக்கச் சொன்னாய். நான் வெயிலில் குனிந்துகொண்டிருப்பேன், நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது, வலது என்று விரட்டுவாய். மூச்சு வாங்கும், ஆனாலும் அதிகாரம் குறையாது. பத்து மணி வெயில் உன் பாதத்தில் விழ வேண்டும், உச்சி வெயில் முகத்தில் விழக்கூடாது. அதற்கு, மேலே வரும் சட்டங்களை எவ்வளவு சாய்க்க வேண்டும், எத்தனை அங்குலம் இடைவெளி விட வேண்டும் என்று கணக்குப் போட்டாய். கட்டில் எங்கே, ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே என்பதுகூடப் படத்தில் இருந்தது.

நான்தான் குறுக்கே விழுந்தேன். மழைக்கு மேலே ஷீட் வேண்டும் என்றேன். அடுத்த வாரம் ஷீட் வேண்டாம், மல்லிக்கொடி ஏற்றலாம் என்றேன். ஈசான்ய மூலையில் கால் வரலாமா என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டேன். அஞ்சு தடவை படத்தை மாற்றினாய், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஆனி கடைசியில் மூர்த்தி வந்து அளந்துகொண்டு போனார், குழாயும் வெட்டியாகிவிட்டது. அப்போது சொன்னேன், "ஆடியில எதுவும் ஆரம்பிக்கக் கூடாதுடா, முடியட்டும்."

நீ நாள் நட்சத்திரம் பார்க்கிறவனே இல்லை. சண்டைக்கு வருவாய் என்று நினைத்தேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிக்கா, ஆவணியிலயே போடலாம்" என்றாய்.

ஆடி வெறும் சாக்குடா. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. படம் மாறும்போதெல்லாம் நீ எழுந்து உட்கார்ந்தாய், ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டாய். பெர்கோலா எழும்பிவிட்டால் உனக்கு எதிர்பார்க்க ஒன்றும் இருக்காது, நிம்மதியாகப் போய்விடுவாய் என்று பயந்தேன். முடியாத வேலை ஒன்று இருந்தால் உன்னைப் பிடித்துவைத்திருக்கும் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினேன். என் பயம் உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, நான் பாவி.

ஆடி முடிய அஞ்சு நாள் இருக்கும்போது அதே ரூமில், அதே கட்டிலில் போனாய். வாசலில் ஷாமியானா போட்டார்கள். அரை மணி நேரத்தில் போட்டுவிட்டார்கள்டா.

இன்று காலையில்தான் மூர்த்தியிடம் கேட்டேன், மொத்தம் எத்தனை நாள் வேலை என்று. குழி வெட்டிக் கால் நிறுத்தினால் கான்கிரீட் காய ரெண்டு நாள், மேலே சட்டம் அடிக்க ஒரு நாள், மூணு நாள் மேடம் என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தவள்தான், மத்தியானச் சாப்பாடும் இறங்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாதி எழுதும்போதே அவர் திரும்பி வந்துவிட்டார். நட்டு நிறுத்துங்கள் என்று சொன்னேன். சரி என்றவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மார்கழி பொறந்துடுச்சே மேடம். தையில வெச்சிக்கலாமா?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த அழுகை, தெருவுக்கே கேட்டிருக்கும். "ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. இப்பவே குழி வெட்டுங்க" என்றேன். பாவம், அந்த மனுஷர் பயந்துபோய்க் கடப்பாரையை எடுத்துவிட்டார்.

வெட்டிக்கொண்டிருக்கிறார். இனி இது எழும்பி நின்றாலும் யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. சாகிறவரைக்கும் என்னோடு வரப்போவது இதுதான்: நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய், அது மூணு நாள் வேலை. உன்னை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, அதைக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.