சரிவு என்றால் எந்தச் சரிவு

பெப்ரவரி 11, புதன்

மழை. நாலாவது நாள். லண்டன் நோர்பரியில் இரண்டு பொயிலர் திருத்தும் வேலை. ஒன்று முடிந்தது. மற்றதற்குப் பம்ப் வரவில்லை, வீட்டுக்காரிக்கு என்மேல் கோபம்.

பின்னேரம் தம்பி குகன் சுவிஸிலிருந்து கேட்கிறான், சனிக்கிழமை ஏறலாமா என்று. லிப்ட் இல்லாத மலை, ஸ்கீயைக் கட்டிக்கொண்டு நடந்தே ஏறுவது. நான் அங்கே இருந்த பன்னிரண்டு வருடமும் சேர்ந்துதான் போவோம். அப்போது வைத்த சட்டம்: இரண்டு பேரும் ஓம் என்றால்தான் போவது. இப்போது அவன் போவது வேலைக்கூட்டாளி மார்ட்டினோடு. ஆனாலும் என் ஓம் வேண்டுமாம். கோலியர்ஸ் வுட்டில் இருந்துகொண்டு நான் எந்தப் பனியைக் கண்டேன்?

லவீனே அறிக்கை பார்த்தேன். மலையில் பனி இடிந்து இறங்குவதற்கு அங்கே எங்களுக்குள் இந்த டொச் (ஜெர்மன்) சொல்தான். ஆபத்து 3.

சுகந்தி எட்டிப் பார்த்து, "அஞ்சில மூண்டெண்டால் பாஸ்தானே?"

மனைவிக்கு எப்படி விளக்க? ஐந்தென்றால் ஒருவரும் வெளிக்கிடமாட்டார்கள். மூன்றில்தான் துணிந்து போய் அகப்படுகிறார்கள். இதைச் சொன்னேன். "அப்ப ஓமோ, இல்லையோ?" என்றாள். தெரியவில்லை.

12, வியாழன்

மழை. பம்ப் வந்தது, அளவு பிழை. குகன் குரல்செய்தி அனுப்பினான். கேட்டு எழுதியது:

புதுப்பனி 30 செ.மீ.
காற்று வடக்குப் பக்கம் பனியைக் குவித்திருக்கு.
அடிப்பனி சீனி மாதிரி, ஒட்டாது. (இது கூடாது)
வழி 30 பாகைக்குள். ஓரிடம் மட்டும் 35. (30க்கு மேல்தான் பனி இடியும். ஏன் அந்த ஓரிடம்?)
"நேற்றுப் பக்கத்தில சரிவும் பாத்தனாங்கள் அண்ணை. பெரிசில்லை."

கடைசி நல்லது. பக்கத்துச் சரிவையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். 35 சரிவராவிட்டால் அதால் ஏறலாம்.

ஓம் என்று எழுதி அழித்தேன். வேண்டாம் என்று எழுதி அதையும் அழித்தேன். எனக்கு விசர்.

13, வெள்ளி

மழை விட்டது. குப்பை வண்டி வரவில்லை. அறிக்கை இன்னும் 3, காற்று குறைவு, நாளை வெயில். குகன்: "அண்ணை, ஒண்டைச் சொல்லுங்கோ. மார்ட்டின் கேக்கிறான்."

"ஓம். கவனம்."

அனுப்பிய பிறகும் எதை நம்பி அனுப்பினேன் என்று விளங்கவில்லை. வெயிலையா? அந்த மாற்றுச் சரிவைத்தான் என்று நினைக்கிறேன்.

14, சனி

7.40. தேத்தண்ணி. மனது கேட்கவில்லை, குகனின் குரல்செய்தியைத் திரும்பப் போட்டேன். சுகந்தி அடுப்படியில் நின்று, "ஐயோ, பக்கத்தில சரிஞ்சதாமோ? பிறகேன் விட்டனீங்கள்?"

"அது ஏறுற சரிவு."

"இஞ்சருங்கோ, மண்சரிவு எண்டு சொல்லுறமே, அந்தச் சரிவு."

மலையை ஒருநாளும் காணாதவளுக்கு விளங்கியிருக்கிறது. பக்கத்தில் புதன்கிழமைதான் பனி இறங்கியதென்றால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்லை. மற்றக் கணக்கெல்லாம் மண்ணாங்கட்டி.

அழைத்தேன். போகவில்லை. 7.52, 8.10, 8.15. "திரும்பு" என்று அனுப்பினேன். ஒற்றைச் சரிக்குறிதான், போய்ச் சேரவில்லை. 35 பாகைக்கு எத்தனை மணிக்கு வருவான்? மகள் தமிழ்ப்பள்ளிக்குப் பிந்துகிறாள். சுகந்தி கூட்டிப் போனாள்.

9.05. எடுத்தான். காற்று இரைச்சல்.

"சரிவெண்டு சொன்னியே, லவீனேயோ?"

"ஓம். லண்டன்காரருக்கு டொச் மறந்திருக்கும் எண்டு தமிழில சொன்னனான்."

"அதைக் கண்டிட்டும் ஏன்டா போனாய்?"

"நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

கத்தினேன். அவன் மேலா, என் மேலா, தெரியாது. 35க்குக் கீழே, காட்டு விளிம்பில் நிற்கிறானாம். "ஏறின தடத்தாலயே இறங்கு. இப்பவே." மார்ட்டினோடு ஏதோ வாக்குவாதம் கேட்டது. பிறகு "சரி அண்ணை."

11.20. காருக்குப் பக்கத்தில் இருவரும் நிற்கிற படம். கீழே குகன் எழுதியிருந்தான்: "எனக்கும் அந்த இடம் பயமாத்தான் இருந்தது அண்ணை. நீங்கள் ஓம் எண்டபடியால் பேசாமல் வெளிக்கிட்டனான்."

அவன் ஓம் என்றதாக நினைத்து நான் சொன்னேன். நான் சொன்னதை நம்பி அவன் போனான். பயமென்று இரண்டு பேருமே சொல்லவில்லை.