வெற்றிலையோடு வந்த சாவி

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் மதியும் எட்மண்டன் பனியில் கை கால் விறைக்காமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைக் கேட்டால், மாத்திரை போட்டு, தலை வாரி, புடவை மடிப்பைச் சரிபார்த்து உட்கார்ந்திருக்கிறேன், அந்த அளவுக்கு நலம். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது, நீ உடனே "பேசாதேம்மா, ரெஸ்ட் எடு" என்று வைத்துவிடுகிறாய், பிறகு எனக்குப் பதிலாக நீயே ஒரு முடிவும் எடுத்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

வியாழக்கிழமையிலிருந்து ஜன்னல் திறக்கவில்லை. மேற்கே ஆலைப் பக்கமிருந்து காற்று வீசினால் அழுகின முட்டை வாடை, கடலிலிருந்து வீசினால் லாரிப் புழுதி, அப்பா படத்தின் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மாலையில் விரல் கறுக்கிறது. டாக்டரம்மா பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை, மருந்து பாதிதான், இந்தக் காற்றை விட்டுப் போனால்தான் மீதி, அதுவும் மழைக்காலத்துக்குள் என்று சொல்லிவிட்டார். உன்னிடம் வரலாமென்றால் அந்தக் குளிருக்கு என் நுரையீரல் தாங்காது என்பதையும் அவரே சொன்னார். இந்த வீட்டை விற்கலாமென்றால் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறார்கள். ஆகவே நீ அங்கே உட்கார்ந்து, என் பென்ஷனுக்குள் அடங்கும் வாடகை, நல்ல தண்ணீர், அரை மணியில் ஆஸ்பத்திரி என்று தேடித் தேடி அந்த ஏரிக்கரை ஊரைக் கண்டுபிடித்தாய். மெதுவான வாழ்க்கை உனக்குப் பிடிக்கும் அம்மா என்றாய். என் வாழ்க்கை எப்போது வேகமாக ஓடியது என்று தெரியவில்லை, இங்கே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளே நகர்வதில்லை. இருந்தாலும் மகள் பட்ட சிரமத்துக்காகத்தான் போனேன். துணைக்குக் கீழ்வீட்டு கெங்கம்மா வந்தாள், மீன் வியாபாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டு.

முதல் முறை போனதை போனில் சொன்னேன், ஆனால் எல்லாவற்றையும் சொல்லவில்லை. ரயிலிலிருந்து இறங்கிப் பஸ்ஸில் போகும்போதே எனக்கு மூச்சு இலகுவானது, அது பிரமை என்று நினைத்தேன், இல்லை, வீட்டின் பின்கதவைத் திறந்ததும் ஏரிக்காற்று முகத்தில் வந்து மோதியது, நான் நெஞ்சு நிறைய இழுத்தேன், இருமல் வரவில்லை. எத்தனை வருடத்துக்குப் பிறகு! வீட்டுக்காரர் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார், அவர் மனைவி காபியை டவராவோடு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க பேச்சே தனியா இருக்குதுங்கம்மா, கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றாள். கான்வென்ட் படிப்பு என்றேன், துறைமுக ஆபீசில் முப்பது வருடம் வேலை என்றேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. நல்ல நாளாக இருக்கிறது என்று தட்டில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம் வைத்து அதன்மேல் சாவியை வைத்துக் கொடுத்தாள். விதவைக்கு வெற்றிலை வைத்துக் கொடுக்கத் தயங்காத வீடு என்று என் மனம் குளிர்ந்துவிட்டது. செருப்பு மாட்டும்போது கேட்டாள், "பால் காய்ச்சறதுக்கு முன்னாடி குலதெய்வத்துக்கு ஒரு ரூபா முடிஞ்சி வச்சிடுங்க, உங்க குலதெய்வம் எந்த ஊருங்க?" எங்களுக்குக் குலதெய்வம் கிடையாது, என் கணவருடைய தாத்தா காலத்திலிருந்தே புத்தர் வழி, கூடத்தில் புத்தர் படம்தான் என்று சொன்னேன். அவள் காலி டவராவை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். காதில் சரியாக விழவில்லை போலும் என்று நினைத்து, நான் வேறு, இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஜன்னலுக்கு அளவு எடுக்கவும் குழாயைச் சரிபார்க்கவும் மறுபடியும் போனோம். வரவேற்பு அன்றைக்கும் மரியாதையாகத்தான் இருந்தது, நாற்காலி போட்டார்கள், ஆனால் வாசலில். டீ காகிதக் கப்பில் வந்தது. உனக்குத்தான் உன் அம்மாவைத் தெரியுமே, எச்சில் டம்ளரைச் சரியாகத் தேய்க்காத வீடுகளைப் பற்றி நான் எவ்வளவு பேசுவேன்! காகிதக் கப்பைப் பார்த்ததும், இதுதான் சுகாதாரம், நகரத்தில்கூட இந்த வழக்கம் வரவில்லை என்று அந்த அம்மாவைப் பாராட்டினேன், மித்ரா. வாயாரப் பாராட்டினேன். அவள் தரையைப் பார்த்தாள். கெங்கம்மா வேறு, "டீ சோக்கா கீது, இன்னொரு கப்பு குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். புரோக்கர் திருமுருகனும் குழாய்க்காரரும் எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் கண் அதைப் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

அளவு எடுத்து முடித்ததும் திருமுருகன், "அம்மா, வந்ததுதான் வந்தீங்க, இன்னொரு வீடும் பாத்துடுங்க, உங்களுக்கு அங்க தோதா இருக்கும்" என்றார். சாவி கையில் இருக்கும்போது இன்னொரு வீடு எதற்கு என்றேன். சும்மா பார்க்கத்தானே என்று சாலையைத் தாண்டி, ஊரைவிட்டு, காலனிக்குள் அழைத்துப் போனார். பூட்டிக்கிடந்த ஒரு வீட்டைக் காட்டினார், வாடகை இன்னும் குறைவாம். பக்கத்து வீட்டில் தாயம்மா என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், வெயிலில் நிற்கிறேன் என்று தன் வீட்டுக்குள் கூப்பிட்டாள். "இன்னாம்மா நின்னுக்கினு கீற, வந்து குந்து" என்று கட்டிலைத் தட்டிவிட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அந்த டம்ளரின் குளிர்ச்சி கையில் பட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. வாசலில் போட்ட நாற்காலி, காகிதக் கப், நான் சொன்ன பாராட்டு, எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. கொதிக்க வைத்த தண்ணீரா என்று கேட்காமல் வாழ்க்கையில் முதல் முறையாகக் குடித்தேன், முழுவதையும்.

பஸ் ஏறியதும் கெங்கம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு வந்ததே ஆத்திரம்! "இன்னா யக்கா சொல்ற, அதான் அப்பிடி தூர வச்சி குடுத்தாளா, நான் வேற ரெண்டாவது கப்பு கேட்டுகினேனே! வண்டிய நிறுத்தச் சொல்லு, நான் போய் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேட்டுட்டு வரேன், நம்ம பேட்டையில வந்து இந்த வேல காட்டுவாளா அவ" என்று பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். கண்டக்டர் பயந்துபோய் விசில் ஊதிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவளை உட்காரவைத்தது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மறுநாள் திருமுருகன் போன் செய்தார். வீட்டுக்காரர் மகன் பெங்களூரிலிருந்து திரும்பி வருகிறானாம், அவனுக்கு வீடு வேண்டுமாம், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, சாவிய கொரியர்ல போட்டுடுங்க" என்றார். நான் நிதானமாகத்தான் பதில் சொன்னேன். சாவியை நான் பிடுங்கிக்கொண்டு வரவில்லை, வெற்றிலை பாக்கோடு கொடுத்தார்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்பதானால் உண்மையான காரணத்தை ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், வந்த அன்றைக்கே நானும் வெற்றிலை பாக்கோடு சாவியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றேன். "அதெல்லாம் எப்டிம்மா எழுதிக் குடுப்பாங்க" என்றார். எழுத முடியாத காரணத்தை டீக் கப்பில் மட்டும் எப்படிக் காட்ட முடிந்தது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை, உனக்குச் செய்தார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சாவியை அனுப்பிவிடு அம்மா, காலனி வீட்டையே எடுத்துக்கொள்ளலாம், ஏரிக்காற்று இரண்டு பக்கமும் ஒன்றுதானே, நீ மூச்சு விட்டால் போதும் என்று அழுதாய். உன் அழுகையை நான் லேசாக நினைக்கவில்லை. நீ சொல்வதில் தப்பும் இல்லை, காற்று ஒன்றுதான், நானே இழுத்துப் பார்த்தேன். தாயம்மா வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பது எனக்குக் குறைச்சலும் இல்லை, அந்த ஊரில் என்னை உட்கார் என்று வீட்டுக்குள் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். நானாகப் போய்க் கேட்டு எடுத்திருந்தால் அந்த வீட்டுக்கு இந்நேரம் பால் காய்ச்சியிருப்பேன். ஆனால் இது உன் இடம் இல்லை, அதுதான் உன் இடம் என்று ஒரு புரோக்கர் கைகாட்டி அனுப்ப, நான் தலையாட்டிக்கொண்டு சாலையைத் தாண்ட வேண்டுமா? என் அப்பா அப்படிக் கைகாட்டின ஒரு பக்கத்திலிருந்து கிளம்பித்தான் புளியந்தோப்புக்கு வந்தார், வந்து என்னைக் கான்வென்டில் சேர்த்தார். நான் அங்கே போய் இங்கிலீஷ் கவிதையும் தையலும் கற்றுக்கொண்டதெல்லாம் எழுபத்திரண்டு வயதில் காகிதக் கப்பைப் பாராட்டுவதற்கா?

இதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பாய். எனக்குத்தான், தெரியும். அவர்கள் பூட்டை மாற்ற எவ்வளவு நேரமாகும், ஒருவேளை மாற்றியே இருப்பார்கள். சாவி இருக்கிற வீட்டுக்குள் போக முடியவில்லை, போகக்கூடிய வீட்டுக்கு மனம் வரவில்லை, இருக்கிற வீட்டில் மூச்சு விட முடியவில்லை. மழை வரப்போகிறது. ராத்திரியில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறேன், இதை உன்னிடம் மறைத்திருந்தேன். ஒரு நாள் மூச்சு ஜெயித்து நான் தோற்கலாம், அன்றைக்கு நானே உனக்குப் போன் செய்து, வேறு வீடு பார் மித்ரா, எந்தப் பக்கமானாலும் சரி என்று சொல்வேன். சொல்லும்போது அது நானாகச் சொன்னதாக இருக்கட்டும். அதுவரைக்கும் நீ திருமுருகனுக்கு எந்த வாக்கும் கொடுக்காதே. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பிடிவாதம், நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாயாமே, கெங்கம்மாவுக்குப் போன் செய்து அவரே பெருமையாகச் சொன்னார். இனி எனக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. இதை மட்டும் உன்னிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மற்றபடி, மதிக்குத் தமிழ் எழுத்து தினமும் ஒரு பக்கம் போடச் சொல், போன கடிதத்தில் அவன் எழுத்து கோட்டைவிட்டு எகிறிக் குதிக்கிறது. மாப்பிள்ளை காரில் பனிக்காலச் சக்கரம் மாற்றிவிட்டாரா? நீ காலையில் வெறும் காபியோடு ஓடாதே. கெங்கம்மா உனக்கு நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள், விமானத்தில் விடமாட்டார்கள் என்றால், "யாரு விடமாட்டான், எங்கைல பேசச் சொல்லு" என்கிறாள். மூவரும் நோய் நொடி இல்லாமல், கேட்ட இடத்தில் வீடும், கூப்பிட்ட இடத்தில் மரியாதையும் பெற்று நூறு வருடம் வாழ வேண்டும் என்று அப்பா படத்தின் முன் நின்று தினமும் சொல்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். அந்த வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்துவிட்டேன், வந்த மறுநாளே ஆரம்பித்தது, பாதியில் விட மனமில்லை, நான்கும் முடிந்துவிட்டன. ஓரத்தையல் கன்னியாஸ்திரீகள் பார்த்தாலும் குறை சொல்லமாட்டார்கள். இங்கே நம் ஜன்னல்களுக்கு ஒரு சாண் நீளமாக இருக்கிறது. வெட்டி மாட்டினால் புழுதியாவது நிற்குமே என்று கெங்கம்மா தினமும் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கிறாள். நான் தினமும் எடுத்து டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

உன் அம்மா,
யசோதரா பீம்ராவ்