மலைப்பக்கம் சாய்ந்த நடை

அடி அண்ணாமலை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள நந்தினி அப்பாவுக்கு,

மஸ்கட் வெயிலில் வண்டி ஓட்டினாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள். கொஞ்ச நாளாக நான் போனில் பேசவில்லை என்று உங்களுக்குக் கோபம். அம்மா குளிக்கிறாள், கடையில் இருக்கிறாள் என்று நந்தினி சொன்னதெல்லாம் நான் சொல்லச் சொன்னதுதான். பேசினால் எனக்கு நாக்கு குழறுகிறது. கை இன்னும் ஓரளவு சொன்னபடி கேட்பதால் எழுதுகிறேன். நந்தினி இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரைப் பௌர்ணமிக்குப் பக்கத்து வீட்டு ராஜம்மாள் அக்காவோடு கிரிவலம் போனேன். ரோட்டின் இடது ஓரமாக நடந்தவள், என்னையறியாமல் வலப்பக்கம், மலையை ஒட்டி ஒதுங்கிக்கொண்டே இருந்தேன். அந்த ஓரம் சித்தர்கள் நடக்கும் வழி, நாம் போகக் கூடாது என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்கா இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "எழிலு, சித்தருங்க உன்னைக் கூப்பிடறாங்கடி"ன்னு கும்பிட்டுவிட்டாள். அடுத்த பௌர்ணமிக்கு நாலு பேர் என் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். நானும் பூசிவிட்டேன், சிரிக்காதீர்கள். உண்மையில் இரண்டு பக்கமும்தான் சாய்ந்திருக்கிறேன். இடப்பக்கம் அக்கா தாங்கிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை.

கோலம் போடக் குனிந்தவள் எழ முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட அன்று, நந்தினி யார் பேச்சையும் கேட்காமல் என்னை வேலூருக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா தலையை ஸ்கேன் எடுத்தார். அதில் ஒன்றுமில்லை. பிறகு ரத்தத்தைச் சோதித்ததில் ஒரு எதிர்ப்பொருள் இருந்ததாம். நோயோடு சண்டை போட உடம்பே உண்டாக்கிக்கொள்வது அது. அதைப் பார்த்ததும் மார்பைச் சோதிக்க வேண்டும் என்றார். தள்ளாடுவது கால், பார்ப்பது மார்பா என்று எனக்கு எரிச்சல். இடது மார்பில் மிளகளவு கட்டி இருந்தது. புற்றுநோய்.

பயப்படாமல் மேலே படியுங்கள். அந்தக் கட்டியில் இருக்கும் ஒரு பொருள், நடையையும் பேச்சையும் தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையிலும் இருக்கிறதாம். கட்டியை எதிர்க்கக் கிளம்பிய என் ரத்தம், அங்கேயும் அதையே கண்டு, எதிரி என்று நினைத்து அடித்துவிட்டது. திருடனைக் கடித்த நாய், அதே நிறச் சட்டை போட்டிருந்த வீட்டுக்காரரையும் கடித்தது போல. "உங்க கைக்குத் தெரியல, எங்களுக்கும் தெரியல, உங்க ரத்தத்துக்குத் தெரிஞ்சிருக்கும்மா"ன்னு டாக்டரம்மா சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் சுக்குக் காபி போட்டுக்கொண்டு, நந்தினியைத் திட்டிக்கொண்டு இருந்த நாளெல்லாம், எனக்குள் எனக்காக ஒரு சண்டை நடந்திருக்கிறது. தினமும் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவள், இப்போது என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இந்தத் தோலுக்குக் கீழே இத்தனை இருக்கிறதா என்று மலைப்பாக இருக்கிறது. நடை தடுமாறாமல் இருந்திருந்தால், கட்டி பெரிதாகும்வரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை ஆபரேஷன். சீக்கிரமே பார்த்துவிட்டதால் உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். நடைக்குத்தான் உறுதி சொல்லவில்லை. சிறுமூளையில் போனது போனதுதானாம், மிச்சத்தைக் காப்பாற்ற மருந்து ஏற்றுகிறார்கள். எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. ராஜம்மாள் அக்கா இன்னும் இது சித்தர்கள் வேலைதான் என்கிறாள்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதியும் அந்த வரி வரவில்லை. அண்ணாமலையார் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். நான் மறுபடியும் கிரிவலம் வருவேன், பாதி தூரமாவது. இடப்பக்கம் பிடிக்க அக்கா இருக்கிறாள். வலப்பக்கம் நீங்கள் வாருங்கள். அது சித்தர்கள் வழிதான், உங்களுக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லி நான் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
எழிலரசி