நகராத பீரோ

ஜூன் 12, வியாழன்

நீயே சொல் அங்காளம்மா, அவள் கேட்பது நியாயமா? உழவர்கரையில் வீடு கட்டிவிட்டாள், போகட்டும். செத்துப்போன மாமியார் பீரோவையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? கொழுந்தன் பெண்டாட்டி ஆயிற்றே என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். "எனக்குத்தான்னு அத்தை சொன்னாங்கக்கா" என்கிறாள் நிர்மலா. சொன்னார்கள்தான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அதுக்கு?

ஜூன் 14, சனி

ஒன்பது செவ்வாய் விளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டேன். பீரோ நகரக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

நகரவில்லை! என் வீட்டுக்காரர், கொழுந்தன், வண்டியோடு வந்த இரண்டு ஆள் — நாலு பேர் தள்ளியும் ஒரு நூல் அசையவில்லை.

"அங்காளம்மா கைய வெச்சுப் புடிச்சிக்கினு இருக்கா!" தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

நிர்மலா பெற்றது ஒன்று இருக்கிறதே, கவிநிலா, காலேஜ் படிக்கிறாளாம். "அம்மன்லாம் இல்ல பெரியம்மா. நாம எவ்ளோ தள்றமோ அவ்ளோ தரையும் எதிர்த்துப் புடிக்கும். அதுக்கு ஒரு எல்லை இருக்கு, தாண்டினா நகந்துடும். உள்ள இருக்கறத எடுத்துட்டா வெயிட்டு கொறையும், புடியும் கொறையும்."

"எடுத்துப் பாருடி."

புடவை, பித்தளைப் பாத்திரம் எல்லாம் வெளியே வந்தது. தள்ளினார்கள். ம்ஹூம்.

"என்னாடி, எங்க உன் எல்லை?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்தாள். சும்மா விடுவேனா? "சாமி புடிச்ச எடத்துல மூஞ்சிய வெக்காத, எழுந்திரு!" என்று அதட்டினேன். மூஞ்சி செத்துப்போச்சு அவளுக்கு.

ஜூன் 16, திங்கள்

நிர்மலா பீரோவுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆசப்பட்டது என் தப்புக்கா, மன்னிச்சுடுங்க." வண்டி ஏறும்போது அழுதாள். அழட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் விளக்கு போட்டாச்சு.

ஜூன் 20, வெள்ளி

வீடு கழுவினேன். பீரோவை ஒட்டித் துடைக்கும்போதுதான் ஞாபகம் வருது. தானே புயல் அடிச்ச மறு வருஷம் பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டினோம். கொத்தனார் காத்தவராயன், "பீரோவ நகத்திக் குடுங்கம்மா"ன்னார். நான்தான் சொன்னேன், "கெடக்கட்டும், சுத்தி ஒட்டிட்டுப் போ"ன்னு. நாலு காலும் சிமெண்டுக்குள்ள இருக்கு.