தையல்காரர் வீட்டுக் கதவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், காய்ச்சல் விட்டுவிட்டது, மாடியில் உன் அறை நனையவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். அன்றைக்குப் போனில் அழுதுகொண்டே பேசினாய், எங்கம்மா மாதிரி உண்டா என்று ஆபீசில் எல்லோருக்கும் அந்த வெள்ள வீடியோவைக் காட்டினேன் என்றாய். நான் உம் உம் என்று கேட்டுவிட்டு, சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படி, பாதியில் போனை எடுக்காதே.

அன்றைக்குப் பொழுது விடிந்து டீ கூடக் குடிக்கவில்லை. ஆற்றுக்கரை உடைஞ்சிடுச்சு என்று தெருமுனையில் யாரோ கத்தினார்கள், அந்தக் கத்தல் அடங்குவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நீ நினைக்கிற தண்ணீர் இல்லை கண்ணு அது. எதிர்வீட்டு பைக்கைத் தூக்கி நம் கறிக்கடை ஷட்டரில் அடித்தது, ஷட்டர் உள்ளே மடங்கியது. அடுத்து ஒரு கேஸ் சிலிண்டர் வந்து தூணில் மோதி, சுழன்று, திரும்பவும் மோதியது, வீடே அதிர்ந்தது. தெருநாய் ஒன்று என் கண்ணெதிரே போனது, குரைக்கக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. பின்பக்கம் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றிலேயே இழுபட்டுக் கத்தின. எப்படியும் வெட்டப்போகிற ஆடுதானே என்று விட மனசு வருமா, கட்டிப்போட்டு மூழ்கடிப்பது பாவம் இல்லையா. வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிறுகளை அறுத்துவிட்டேன். சிலது நம் படியில் ஏறிக்கொண்டன, மற்றதைத் தண்ணீர் சுவரில் அடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து தையல்காரர் பெண்டாட்டி போட்ட சத்தம் கேட்டது.

அந்த ஆளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்று உனக்குத் தெரியும். கடை கழுவிய தண்ணீர் அவர் வாசல் பக்கம் போகிறது என்று எத்தனை சண்டை, எத்தனை பேச்சு. அவர் என்னைக் கசாப்புக்காரி என்பார், நான் அவரை ஊசிமூஞ்சி என்பேன். இருந்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு நிற்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். உள்ளே ஃப்ரிட்ஜ் மிதந்து வந்து கதவுக்குக் குறுக்கே அடைத்துக்கொண்டிருந்தது, உள்பக்கம் திறக்கிற கதவு, எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. ஜன்னலில் கம்பி. கையில்தான் கத்தி இருக்கிறதே, கதவை வெட்ட ஆரம்பித்தேன். தண்ணீர் என் முதுகில் அடிக்கிறது, ஒரு கட்டில் வந்து இடுப்பில் இடிக்கிறது, எனக்கு வெறி பிடித்துவிட்டது. பலகை பிளந்து ஒரு ஓட்டை விழுந்தது. எதிர் மொட்டைமாடியில் நின்றவர்கள் படம் பிடித்துக்கொண்டே, இந்தப் பக்கம் வெட்டுங்க அந்தப் பக்கம் வெட்டுங்க என்று கூச்சல் போட்டார்கள். கையாலாகாதவனுங்களா, இறங்கி வாங்கடா என்று நான் நிமிர்ந்து பார்த்துத் திட்டினேன். திட்டும்போதும் கை நிற்கவில்லை.

நம் கடையில் நான் எப்படி வெட்டுவேன் என்று நீ பார்த்திருக்கிறாய். வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டே வெட்டுவேன், கட்டையைப் பார்க்கவே மாட்டேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை. அன்றைக்கும் அதே மாதிரிதான். உடைந்த பலகையைப் பிய்த்து எடுக்கத் தையல்காரர் உள்ளேயிருந்து கையைக் கொடுத்திருக்கிறார், நான் மேலே பார்த்துக்கொண்டே கத்தியை இறக்கினேன். கதவுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் என் கைக்குத் தெரியாதா. குனிந்து பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. இடது கை, இரண்டு விரல். சேற்றுத் தண்ணீர் ஒரு நொடி சிவந்தது, அடுத்த நொடி பழையபடி ஆகிவிட்டது. அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். பிறகு என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை, மிச்சப் பலகையைக் காலால் உதைத்துப் பெயர்த்து, ஃப்ரிட்ஜுக்கு மேலாக அந்த அம்மாவைத் தலைமுடியைப் பிடித்தும் அவரைச் சட்டைக் காலரைப் பிடித்தும் இழுத்து நம் மாடிக்குக் கொண்டுவந்து போட்டேன். படுக்கை விரிப்பைக் கிழித்துக் கையைக் கட்டினேன். படகு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் தெரு முழுக்க முழங்கால் அளவு சேறு. எல்லோரும் வந்து என் கையைப் பிடித்து, நீங்க தெய்வம் என்றார்கள். நான் கையை உருவிக்கொண்டேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் தையல்காரர் வீட்டுக்குள் போய்ச் சேற்றை அள்ளினேன், பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. யார் உட்காரச் சொன்னாலும் எரிந்து விழுந்தேன். ஒரு வீட்டில் செத்த ஆட்டை வெளியே இழுத்துப் போட்டேன், நம் ஆடுதான். தெருக்காரர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கை மாற்றினோம், இத்தனை காலம் முகம் பார்த்துப் பேசாதவர்கள் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். வீடு இழந்தவர்களுக்குப் பிரார்த்தனைக் கூடத்தில்தான் சமையல், படுக்கை எல்லாம். பெரிய பாத்திரம் கிளற ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். உங்கப்பா போன அன்றைக்குக் கடவுளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அந்தப் படியை விட்டு இறங்கியவள் நான், திரும்ப மிதித்ததே இல்லை. சோற்றுக்காகத்தான் வருகிறேன், கும்பிட இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். காய் நறுக்கக் கத்தியை நீட்டினார்கள், வேண்டாம் என்று கரண்டியை எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தையல்காரர் நேரே கூடத்துக்குத்தான் வந்தார். கையில் பெரிய கட்டு. எல்லோரும் சூழ்ந்துகொண்டு என்ன ஆச்சு என்று கேட்டார்கள், தண்ணியில வந்த தகரம் கிழிச்சிடுச்சு என்றார் அந்த மனுஷன். ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லியிருக்கிறார். நான் அண்டாவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கரண்டியைத் தரையில் வீசிவிட்டு, தகரம் இல்லை, நான்தான் வெட்டினேன், பராக்குப் பார்த்துக்கொண்டே வெட்டினேன், இந்த ஆள் பொய் சொல்றார் என்று கத்தினேன். அவருக்கு வந்ததே கோபம். நான் ஒண்ணு சொல்லி மூடி வச்சா, இவ வந்து ஊருக்கே திறந்து காட்டுறா, உனக்கு வாய மூடவே தெரியாதா என்று எகிறினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். நானும் இவளும் நாற்காலி மேல நின்னுக்கிட்டு, கடவுளே யாரையாவது அனுப்புன்னு தொண்டை கிழியக் கத்தினோம், கதவு பிளந்து பாத்தா இந்தக் கசாப்புக்காரி நிக்கிறா, வேற ஆளே கிடைக்கலையா அவருக்குன்னு நினைச்சேன், அனுப்பினது அவரு, வந்தது நீ, நடுவுல போனது என் விரலு, இதுல நான் யார் மேல கேஸ் போடறது என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள், அவர் பெண்டாட்டி அழுதாள். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத, வலி வர்றப்ப எல்லாம் உன்னைத் திட்டத்தான் செய்யறேன் என்றும் சொன்னார்.

நான் அங்கேயே அடுப்புச் சாம்பலிலும் தண்ணியிலும் உட்கார்ந்து அழுதேன் கண்ணு. கடவுள் என்னிடமிருந்து பிடுங்கத்தான் தெரிந்தவர் என்று நினைத்திருந்தேன். என்னை ஒரு இடத்துக்கு ஆளாக அனுப்புவார் என்று நினைத்ததே இல்லை, அதுவும் இந்தக் கையோடு. சாப்பாடு முடிந்து எல்லோரும் கும்பிட எழுந்து நின்றபோது நானும் நின்றேன். கடவுளே, என் புருஷன் விஷயத்தில் உன்மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது, இருந்தாலும் இந்த மனுஷன் தைக்க ஒரு வழி பண்ணு என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் தையல் மிஷினிலிருந்து சேற்றை எடுத்து எண்ணெய் விட்டுவிட்டார்கள். கைக்கட்டைப் பிரிப்பதற்குள் தைக்க உட்கார்ந்துவிட்டார், இடது கை துணியைப் பிடிக்கவில்லை, வழுக்குகிறது. கத்தரிக்கோலைத் தூக்கிச் சுவரில் அடித்தார், காரை பெயர்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் போனவள் எதிர்ப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து துணியைப் பிடித்தேன். போடி என்றார், போகவில்லை. தினமும் கடையை மூடிவிட்டுப் போகிறேன். கூடத்தில் படுத்திருப்பவர்களுக்குத் தலையணை உறை தைக்கிறோம். என் மூஞ்சியை ஏன் பாக்கற, உன் கையைப் பாரு, ஊசி ஏறிடும் என்று கத்துகிறார், நானும் திருப்பிக் கத்துகிறேன். இதுவரை தைத்ததை எல்லாம் கோணல் என்று பிரிக்கச் சொல்லிவிட்டார். இன்றைக்கு ஒன்று முடித்தோம். அதுவும் கோணல்தான். தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த துணியைக் கொடு என்றார்.

வீடியோவைக் காட்டினவர்களிடம் எல்லாம் இதையும் சொல், அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொல். குழந்தைக்குத் தலை துவட்டிவிட்டுத் தூங்க வை, மாப்பிள்ளையை மழையில் வண்டி ஓட்ட விடாதே. நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், இப்போது நான் கேட்டால் ஒருவேளை கடவுள் காதில் விழும்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா