நாலாவது தடவை ஓடியது சரிதான்

வெர்லின் மச்சானுக்கு, உன் அத்தான் டெல்பர்ட் இடது கையால் கிறுக்குவது.

நீ சொன்னது தப்பு. நம் ஃபுட்பால் டீம் கோச் ரேபர்னைப் பற்றிப் போனில் கத்தியதும் தப்பு, நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போனை வைத்தது அதைவிடத் தப்பு. "அந்தாளு கோச்சே இல்ல, சூதாடி. இருக்கற நாலு பாயின்ட்டைக் காப்பாத்தத் தெரியாதவன்"னு சொன்னாயே, அது இன்னும் என் காதில் இரைகிறது. சரி, அரிசோனா வெயிலில் உட்கார்ந்துகொண்டு டிவியில் பார்ப்பவனுக்கு எல்லாம் தெரியும். எழுத்திலேயே சண்டையை வைத்துக்கொள்வோம். காகிதம் குறுக்கே பேசாது.

அதற்கு முன்னால் வேறொரு சங்கதி. உன் அக்கா ஆர்லிஸ் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். உன் இதய வால்வு சுருங்கிவிட்டது, நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும், நீ இப்போது முடியாது என்று எழுந்து வந்ததையும் நான் அவளிடம் சொல்லவில்லை. "எங்க அக்கா காதுக்குப் போச்சுன்னா அத்தான்னுகூடப் பார்க்க மாட்டேன், ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது"ன்னு சத்தியம் வாங்கினாய். காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எனக்கு இது பழக்கமில்லாத வேலை மச்சான். சாப்பிட உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டில் இருக்கும் உருளைக்கிழங்கையே பார்க்கிறேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

டாக்டரிடம் திரும்பப் போ. அவ்வளவுதான் சொல்வேன். கார் வந்துவிட்டது.

* * *

இனி எழுதுவது ஆர்லிஸ், சொல்வது நான். என் வலது கையில் கட்டு. எப்படி என்று அவள் உனக்கு வேறு மாதிரி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை தோற்ற பிறகு, மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் நம் வழக்கமான மூலையில் அடுப்பைப் பற்ற வைத்தோம். சாவு வீடு மாதிரி இருந்தது. விதைக் கடை லோவெல்தான் ஆரம்பித்தான். நீ பாடிய அதே பாட்டு. நாலு தடவைக்குள் பத்து கஜம் போனால்தான் பந்து நம்மிடம் தங்கும்; மூன்று தடவை முட்டியும் இரண்டு கஜம் பாக்கி, கையில் மிச்சம் ஒரே தடவை, நாம் நாலு பாயின்ட் முன்னால், ஆட்டம் முடிய மூன்று நிமிஷம்கூட இல்லை. இந்த நேரத்தில் பந்தைத் தூரமாக உதைத்து எதிராளியைப் பின்னால் தள்ளாமல் எந்த மடையனாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்வானா என்றான். ஓடி, இரண்டு கஜம் கிடைக்காமல், அதே இடத்தில் பந்தை அவர்களிடம் கொடுத்து, அவர்கள் நாலே தடவையில் நம் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு ஏழு பாயின்ட் எடுத்து, நாம் மூன்று பாயின்ட்டில் போனோம். உண்மைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

கோச் ரேபர்ன் செய்தது சரி, ஓடியவன்தான் தப்பு என்றேன். லோவெலின் போன்கூட என் பக்கம். ஏதோ கணக்குப் போடும் சாமான் வைத்திருக்கிறானே, அது ஓடச் சொல்கிறது. அதற்கு அவன், "போனுக்கு என்ன தெரியும் பெருசு? நம்ம பசங்க காலை அது பார்த்திருக்கா?" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவன் கட்சி. நான் தனி ஆள்.

அதனால் விளக்கிக் காட்டினேன். அடுப்புக் கம்பி மேல் வெந்துகொண்டிருந்த சாசேஜ்களை வரிசையாக நிறுத்தினேன். நம் ஆட்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். கொஞ்சம் குண்டாக இருந்தது அவர்களுடைய நடு ஆள். வலது ஓரத்தில் பார், ஒரு மாட்டு வண்டியே போகிற அளவுக்குச் சந்து இருந்தது, நம்மாள் இடது பக்கம் போய் முட்டிக்கொண்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "பெருசு, ஓட்டக்காரன் கருகறான், முதல்ல அவனை எடு" என்றான் லோவெல். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இடுக்கியைத் தேடாமல் கையாலேயே ஓட்டக்காரனைப் பிடித்துச் சந்துக்குள் தள்ளினேன். உள்ளங்கை முழுக்கக் கம்பிக் கோடு.

ஆனால் ஒன்று, அவன் சந்து வழியாகப் போனான். இரண்டு கஜத்துக்கு மேலேயே போனான்.

(பொய். அது அடுப்புக்குள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்கவும் கையை விட்டார். ஆர்லிஸ்.)

மைதானத்தில் உன் இருக்கையில் உன் சிவப்பு மெத்தையைப் போட்டுத்தான் வைக்கிறேன். பின்வரிசைக்குப் புதிதாக ஒரு அம்மாள் வந்திருக்கிறாள், நல்ல உயரம், நல்ல குரல். வந்த அன்றைக்கே தன் கோட்டைக் கழற்றி உன் இடத்தில் வைத்தாள். எடுத்துக் கையில் கொடுத்து, ஆள் கழிப்பறைக்குப் போயிருக்கிறார் என்றேன். அடுத்த ஆட்டத்துக்கும் வந்தாள். "இன்னும் வரலையா?" என்றாள். வரிசை நீளம் என்றேன். இந்தச் சனிக்கிழமை, "ஐயா, யாராவது போய்க் கதவைத் தட்டிப் பாருங்களேன்" என்கிறாள். அதனால் நீ கடைசி ஆட்டத்துக்காவது வந்து முகத்தைக் காட்டு. என் மானம் போகிறது.

(இவர் பிடிவாதத்தால் அந்த அம்மாள் குளிரில் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ வந்தால் எனக்கும் சந்தோஷம். போனில் உன் குரல் களைப்பாக இருக்கிறது. சரியாகச் சாப்பிடுகிறாயா? ஆர்லிஸ்.)

இவளை எழுதச் சொன்னால் இவளே கடிதம் போடுகிறாள். நான் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

பழைய கோச்சை ஞாபகம் இருக்கிறதா? உன் தங்கம். நாலாவது தடவை என்றால் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பார். அரை கஜம் பாக்கி என்றாலும் உதைப்பார். எதிராளியின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாலும் உதைப்பார். பத்திரம், பத்திரம் என்று நீயும் கை தட்டுவாய். என்ன ஆச்சு? ஒவ்வொரு நவம்பரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றோம். ஒரே அடியில் தோற்றால்கூடத் திட்டிவிட்டுத் தூங்கலாம். அந்த மனுஷர் நம்மைத் தவணை முறையில் தோற்கடித்தார்.

நீ ஒன்றை மறந்துவிடுகிறாய் மச்சான். உதைத்த பந்து வானத்தில் தங்கிவிடாது. அவர்கள் எடுத்துக்கொண்டு நம்மைப் பார்த்துத்தான் வருவார்கள். அப்போது யார் தடுக்கப் போவது? நாள் முழுக்க அடி வாங்கிக் களைத்த அதே பையன்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே அந்த இரண்டு கஜத்தை ஓடிப் பார்ப்பதுதான் புத்தி. கிடைக்காமல் போகலாம். போகட்டும். கிடைத்தால் ஆட்டம் நம் கையில். இது உன் மண்டையில் ஏறவே ஏறாது. அதனால்தான் டாக்டர் நெஞ்சைத் திறந்து வால்வை மாத்திடலாம்னு சொல்லும்போது, இப்ப வேண்டாம், வசந்த காலத்துல பாத்துக்கலாம்னு நீ உதைச்சு விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்க. வசந்த காலத்துல உன் நெஞ்சுல என்ன தெம்பு

* * *

மறுபடியும் இடது கை.

பேனா மேஜையிலிருந்து உருண்டு நாய் பக்கத்தில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. எழுதினதைத் திருப்பி ஒரு தடவை படித்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், எழுந்து போய்விட்டாள். நான் "இரு, இன்னும் முடிக்கலை" என்றேன். மாடிப்படியில் பாதி ஏறியவள் திரும்பாமலே, "எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்றேன். "உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன். முதல்ல அவன்" என்றாள்.

வாய் தவறிவிட்டது மச்சான். சண்டைச் சூட்டில் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்துபோய்விட்டது. நம்ப மாட்டாய். நம்பாதே. ஆனால் சத்தியத்தைப் பற்றி மட்டும் பேசாதே. அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது உன்னிடம். அவள் எழுதிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மேலே அலமாரியிலிருந்து பெரிய பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கிறது. போன் பண்ணப் போகிறாள் என்று நினைத்தேன். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. உன் அக்கா எதையும் தூரமாக உதைத்துவிட்டு நிற்கிற ஆள் இல்லை.

என் கை இப்படி இருப்பதால் அவள்தான் காரை ஓட்டுவாள். வருகிற சனிக்கிழமைக்கு முன் உன் வாசலில் நிற்போம். ஆமாம், சனிக்கிழமை கடைசி ஆட்டம்தான். பனி கொட்டியபோதும், எனக்கு வயிற்றைக் கீறிக் கல் எடுத்து ஒரு வாரம்கூட ஆகாதபோதும் நான் விடாத ஆட்டம். நம் இரண்டு பேர் டிக்கெட்டையும் லோவெலிடம் கொடுத்துவிடுகிறேன். அந்த அம்மாளிடம், கழிப்பறையிலிருந்து ஆளைக் கூட்டிவர நானே போயிருக்கிறேன் என்று சொல்லச் சொல்கிறேன்.

இதற்குத் தபால்தலை வேண்டாம். நீ கதவைத் திறந்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து நீட்டுவேன். சட்டைப் பையில் இருக்கும் முதல் தாளையும் சேர்த்தே தருவேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

உன் சோபாவில் மூன்று பேரும் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்போம். கோச் மறுபடியும் நாலாவது தடவையில் ஓடச் சொன்னால், கிடைக்காமல் போனால், உன்னோடு சேர்ந்து நானும் அவரைச் சூதாடி என்று திட்டுகிறேன். அவள் காது கேட்கத் திட்டுகிறேன். லோவெலுக்குப் போன் போட்டு உதைத்திருக்கணும் என்று ஒத்துக்கொள்கிறேன். உனக்கு வேறென்ன வேண்டும்? எல்லாம் தருகிறேன். அதற்கு நீ ஒன்றே ஒன்று, திங்கட்கிழமை அந்த டாக்டரிடம்

பெட்டியோடு கீழே வந்துவிட்டாள். நான் இதைப் படித்துக் காட்டுகிறேன், கேள் என்றேன். நிற்காமல் வாசலுக்குப் போய்விட்டாள். காரைக் கிளப்பிவிட்டாள்.

மச்சான், நீ நன்றாக இருக்க வேண்டும். நான் சொல்வதெல்லாம் தப்பு என்று கத்த எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஹாரன் அடிக்கிறாள்.

வாக்குத் தவறாத,
டெல்பர்ட்